பூஸ்ட் கன்வெர்ட்டரில் வோல்டேஜ் சரியாக வரவில்லையா? வரிசையாகத் தேடிப் பிடிக்கும் முறை

கரண்ட் கட்டின்போது வைஃபை ரூட்டர் அணையாமல் இருக்க, ஒரு 18650 லித்தியம் செல், ஒரு டிபி4056 சார்ஜிங் போர்டு, வோல்டேஜை ஏற்றித் தரும் எம்டி3608 பூஸ்ட் மாட்யூல் ஒன்று, மூன்றையும் இணைத்து 12 வோல்ட் எடுப்பது பலரும் செய்து பார்க்கும் வேலை. சும்மா அளந்தால் 12 வோல்ட் அழகாக வரும். ரூட்டரை மாட்டினால் 8 ஆகிவிடும். சிலருக்கு 3.7 வோல்ட்டைத் தாண்டவே தாண்டாது. சிலருக்கு ரூட்டர் விளக்கு விட்டு விட்டு எரியும்.

உடனே எல்லோரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அந்த நீலநிற பிரீசெட்டை (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) திருகுவார்கள். அதில் சரியாகாவிட்டால் ஐசி போய்விட்டது என்று புது மாட்யூல் வாங்குவார்கள். புது மாட்யூலிலும் அதே 8 வோல்ட்தான் வரும், ஏனென்றால் கோளாறு மாட்யூலில் இருந்ததே இல்லை.

கீழே உள்ள வரிசையில் போனால் பாகம் எதையும் மாற்றும் முன்பே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எம்டி3608-ஐ வைத்துச் சொல்கிறேன். எக்ஸ்எல்6009, எல்எம்2577 போன்றவற்றுக்கும் இதே வரிசைதான். அவுட்புட்டைக் கண்காணிக்க ஐசி பார்க்கும் எஃப்பி (ஃபீட்பேக்) பின்னில் வரவேண்டிய வோல்டேஜ் மட்டும் வேறு: எம்டி3608-க்கு 0.6 வோல்ட், எக்ஸ்எல்6009-க்கு 1.25, எல்எம்2577-க்கு 1.23.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டரில் புது பேட்டரி போடுங்கள். பேட்டரி தளர்ந்த மீட்டர் பெரும்பாலும் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். 12 வோல்ட்டை 13.5 என்று அது சொல்ல, நீங்கள் பிரீசெட்டைக் குறைத்துவிட்டு அப்புறம் ரூட்டர் ஏன் எழவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து டம்மி லோடு, அதாவது சோதனைக்காக ரூட்டருக்குப் பதில் கரண்ட் இழுக்கும் ரெசிஸ்டர். 22 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று, 100 ஓம் 5 வாட் ஒன்று போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும். 12 வோல்ட்டில் 22 ஓம் சுமார் 0.55 ஆம்பியர் இழுக்கும், 6.5 வாட் சூடாக வெளியேறும். நன்றாகச் சுடும், எனவே தரை ஓட்டின் மீது வையுங்கள்.

ரூட்டரையே லோடாக வைத்து ஏன் சோதிக்கக் கூடாது என்று கேட்பார்கள். வோல்டேஜ் விழுந்தால் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும், அது இழுக்கும் கரண்ட் ஏறி இறங்கும், மீட்டரில் எந்த எண்ணும் நிற்காது. தவிர, சோதனையில் ஏதாவது தவறினால் இந்த மாட்யூல் 28 வோல்ட் வரை ஏறக்கூடியது. போவது 10 ரூபாய் ரெசிஸ்டராக இருக்கட்டும்.

பைக் அல்லது கார் பல்பை லோடாக வைக்காதீர்கள். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தொடக்கத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நல்ல மாட்யூல்கூட அதில் திணறும்.

இவை தவிர, 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று, கொஞ்சம் தடித்த வயர், சால்டரிங் அயர்ன்.

2. அளக்கும் முன் ஒரு கணக்கு

செல்லிலிருந்து எவ்வளவு கரண்ட் போகப்போகிறது என்று தெரியாமல் தொடங்கினால் மற்ற எண்கள் எதற்கும் பொருள் இருக்காது. கணக்கு எளிது. அவுட்புட் வாட்டை 0.85-ஆல் வகுங்கள், வருவதை இன்புட் வோல்டேஜால் வகுங்கள். 0.85 என்பது நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய செயல்திறன்.

22 ஓம் லோடுக்கு 6.5 வாட். 0.85-ஆல் வகுத்தால் இன்புட்டில் 7.7 வாட். செல் 3.7 வோல்ட்டில் இருந்தால் 2.1 ஆம்பியர். செல் இறங்கி 3.2 வோல்ட் ஆகும்போது 2.4 ஆம்பியர். அவுட்புட்டில் அரை ஆம்பியர்தானே என்று மெல்லிய ஜம்பர் வயரில் இணைத்தவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். வோல்டேஜ் மூன்று மடங்கு ஏறினால் இன்புட் கரண்ட் மூன்று மடங்குக்கும் மேல் ஏறும்.

மாட்யூலை விற்பவர்கள் போடும் ‘2 ஆம்பியர்’ என்பதையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 24 வாட். 3.7 வோல்ட் செல்லிலிருந்து 7.6 ஆம்பியர் போக வேண்டும். ஐசிக்குள் இருக்கும் சுவிட்ச் 4 ஆம்பியரில் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். எனவே ஒற்றைச் செல்லில் அது நடக்கவே நடக்காது. உங்கள் கணக்கில் இன்புட் கரண்ட் 2.5 ஆம்பியரைத் தாண்டினால், கோளாறு தேடுவதை நிறுத்திவிட்டு வடிவமைப்பை மாற்றுங்கள். 7-ஆம் பகுதியில் அதைச் சொல்கிறேன்.

3. செல்லைக் கழற்றிவிட்டு ஒரு சோதனை

மின்சாரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. மீட்டரை ஓம் அளவில் வைத்து மாட்யூலின் இன்புட் பிளஸ், மைனஸ் இரண்டையும் தொடுங்கள். எண் சிறியதில் தொடங்கி மெதுவாக ஏறினால் அது கெப்பாசிட்டர் நிரம்புவது, கவலை இல்லை. ஒரு ஓமுக்கும் கீழே நின்றுவிட்டால் ஐசியின் உள் சுவிட்ச் ஷார்ட். இன்புட்டுக்கும் சுவிட்ச் பின்னுக்கும் நடுவில் இருப்பது காயில் மட்டுமே. டிசிக்கு அது வெறும் கம்பி. அதனால்தான் ஐசி ஷார்ட் ஆனால் இன்புட்டே ஷார்ட் ஆனது போலத் தெரியும். அந்த நிலையில் செல்லை மாட்டினால் பாதுகாப்பு போர்டு உடனே அணைந்துவிடும், ‘செல் செத்துவிட்டது’ என்று தவறாக முடிவு செய்வீர்கள்.

பிறகு டயோடு அளவுக்கு மாற்றி, சிவப்பு முனையை இன்புட் பிளஸ்ஸிலும் கறுப்பை அவுட்புட் பிளஸ்ஸிலும் வையுங்கள். இது வோல்டேஜ் குறைவாகத் தொலையும் ஷாட்கி வகை டயோடு என்பதால் 0.15 முதல் 0.3 வரை ஏதாவது ஓர் எண் வரவேண்டும். 0.5-க்கு மேல் வந்தால் யாரோ சாதாரண டயோடு போட்டிருக்கிறார்கள். இரு திசையிலும் பூஜ்யம் என்றால் டயோடு ஷார்ட். இரு திசையிலும் ஒன்றும் காட்டாவிட்டால் டயோடோ காயிலோ சால்டர் விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட போர்டுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். காயிலில் சேர்ந்த ஆற்றல் போக வழியில்லாமல் ஐசியின் சுவிட்ச் மீதே பாயும், ஐசியும் போய்விடும்.

4. லோடு இல்லாமல் 12 வோல்ட் வைப்பது

இப்போது செல்லை இணையுங்கள். அவுட்புட்டில் மீட்டர் மட்டும் இருக்கட்டும்.

புது மாட்யூலில் பெரும்பாலும் செல் வோல்டேஜில் 0.2 அல்லது 0.3 குறைவாகத்தான் முதலில் காட்டும். பழுது இல்லை. பிரீசெட் ஒரு ஓரத்தில் நிற்கிறது. அது 25 சுற்று பிரீசெட். இரண்டு சுற்று திருப்பிவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று விடுபவர்கள்தான் அதிகம். பொதுவாக இடப்பக்கம் திருப்பினால் ஏறும், சில மாட்யூலில் எதிர்ப்பக்கம். ஓரத்துக்கு வந்த பிறகும் திருகு நிற்காமல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், மெல்லிய ‘டிக்’ சத்தம் மட்டும் கேட்கும். ஏறத் தொடங்கினால் வேகமாக ஏறும், கண் மீட்டரில் இருக்கட்டும்.

எத்தனை ஓம் வரவேண்டும் என்று தெரிந்தால் இருட்டில் திருக வேண்டியதில்லை. அவுட்புட் = 0.6 × (1 + பிரீசெட் ÷ கீழ் ரெசிஸ்டர்). கீழ் ரெசிஸ்டர் என்பது எஃப்பி பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருப்பது. இந்த மாட்யூலில் அது வழக்கமாக 2.2 கிலோ ஓம், பிரீசெட் 100 கிலோ ஓம். 5 வோல்ட்டுக்குப் பிரீசெட் சுமார் 16 கிலோ ஓமில், 9 வோல்ட்டுக்கு 31-ல், 12 வோல்ட்டுக்கு 42-ல் நிற்க வேண்டும். முழு 100-ல் நின்றால் 28 வோல்ட்.

12-ல் வைத்துவிட்டு, இனி பிரீசெட்டைத் தொடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். லோடு வைத்த பிறகு வோல்டேஜ் விழுகிறதே என்று அதை ஏற்றினால், லோடைக் கழற்றிய நொடியில் 15, 18 என்று ஏறி, அடுத்து மாட்டும் சாதனத்தை எரித்துவிடும். தவிர, அளவுகோலே நகர்ந்துவிட்டால் அடுத்த அளவுகளை எதோடு ஒப்பிடுவது?

5. லோடு வைத்து இன்புட்டை அளப்பது

முதலில் 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். 12 வோல்ட் நின்றால், அதைக் கழற்றிவிட்டு 22 ஓம். அவுட்புட் விழுகிறதா? அதை அப்படியே விட்டுவிட்டு மீட்டரை மாட்யூலின் இன்புட் பேட்களில் வையுங்கள். செல்லின் முனையில் அல்ல, வயர் முடியும் இடத்தில், மாட்யூலிலேயே.

செல்லில் 3.8 இருக்கும், மாட்யூலில் 2.6 இருக்கும். என்னிடம் ‘மாட்யூல் பழுது’ என்று வந்த போர்டுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் அளவிலேயே முடிந்துவிட்டன.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க, மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனையைச் செல்லின் பிளஸ்ஸிலும் மறுமுனையை மாட்யூலின் இன்புட் பிளஸ்ஸிலும் வைத்தால், அந்தப் பாதையில் தொலையும் வோல்டேஜ் நேராகத் தெரியும். அதையே மைனஸ் பக்கமும் செய்யுங்கள். மைனஸ் பாதையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், ஆனால் பிளஸ்ஸில் ஓடும் அதே 2 ஆம்பியர்தான் அங்கேயும் ஓடுகிறது. டிபி4056 போர்டின் பாதுகாப்புச் சுவிட்சும் மைனஸ் பக்கம்தான் இருக்கிறது.

பிறகு பாதையைப் பாதியாகப் பிரியுங்கள்: செல் முனையிலிருந்து ஹோல்டரின் ஸ்பிரிங் வரை, ஸ்பிரிங்கிலிருந்து சார்ஜிங் போர்டு வரை, அங்கிருந்து மாட்யூல் வரை. 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் தொலையும் துண்டுதான் குற்றவாளி. வழக்கமான ஆட்கள் இவர்கள்: பிரெட்போர்டு, மெல்லிய ஜம்பர் வயர், ஹோல்டர் ஸ்பிரிங், சால்டர் வைக்காமல் வெறுமனே கடித்துவிட்ட முதலைக் கிளிப்.

சிறு மின்தடைதானே என்று விடக் கூடாததற்குக் காரணம் உண்டு. பூஸ்ட் கன்வெர்ட்டர் இன்புட் குறைந்தால் கூடுதல் கரண்ட் இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். கரண்ட் கூடினால் வயரில் தொலைவதும் கூடும், இன்புட் இன்னும் இறங்கும், அது இன்னும் இழுக்கும். 3.7 வோல்ட் செல்லும் மொத்தம் 0.5 ஓம் மின்தடையும் இருந்தால், அந்தப் பாதையில் மறுமுனைக்குக் கொண்டுபோக முடிந்த உச்ச அளவே 6.8 வாட்தான். நமக்குத் தேவை 7.7. எந்த மாட்யூலை மாற்றினாலும் 12 வோல்ட் நிற்காது. இரண்டு ஜம்பர் வயர், ஒரு ஹோல்டர், ஒரு பழைய செல் சேர்ந்தால் 0.5 ஓம் சாதாரணமாக வந்துவிடும்.

வயரில் எதுவும் தொலையவில்லை, செல்லின் முனையிலேயே விழுகிறது என்றால் செல்தான் காரணம். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்கள் லோடு இல்லாமல் 4 வோல்ட் காட்டும், 2 ஆம்பியர் இழுத்தால் 3.4 ஆகிவிடும். ‘9900’ மில்லியாம்பியர் என்று அச்சிட்டு வரும் 18650 செல்களை வாங்கவே வேண்டாம், அந்த உருளைக்குள் அவ்வளவு அடங்காது.

சார்ஜிங் போர்டின் வெளியீடு திடீரென்று பூஜ்யமாகி, லோடைக் கழற்றினால் மீண்டும் வருகிறதா? அதில் உள்ள டிடபிள்யூ01 பாதுகாப்பு ஐசி கரண்ட் அதிகம் என்று துண்டிக்கிறது. சுமார் 3 ஆம்பியரில் அது நடக்கும். அதைத் தவிர்க்க நேராகச் செல் முனையிலிருந்து வயர் இழுப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பூஸ்ட் கன்வெர்ட்டரில் செல்லிலிருந்து அவுட்புட் வரை காயில், டயோடு வழியாக எப்போதும் நேர்ப்பாதை இருக்கிறது. ஐசி அணைந்திருந்தாலும் அவுட்புட் ஷார்ட் ஆனால் தடுக்க ஆள் இல்லை, அந்தப் பாதுகாப்பு ஐசி ஒன்றுதான் நடுவில் நிற்கிறது.

இங்கே இன்னொரு தவறு: இன்புட் கரண்டை அளக்கிறேன் என்று மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடரில் வைப்பது. மீட்டரின் வயரும் ஃபியூசும் சேர்ந்து புதிய மின்தடையை நுழைக்கும், இல்லாத கோளாறு உருவாகும். கரண்ட் 2-ஆம் பகுதியின் கணக்கிலேயே கிடைக்கிறது, அது போதும்.

6. எஃப்பி பின்: ஐசி என்ன நினைக்கிறது?

இன்புட் 3.3 வோல்ட்டுக்கு மேல் உறுதியாக நிற்கிறது, அவுட்புட் இன்னும் தவறு என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

ஐசி அவுட்புட்டை நேராகப் பார்ப்பதில்லை. பிரீசெட்டும் கீழ் ரெசிஸ்டரும் சேர்ந்து பிரித்துக் கொடுக்கும் சிறு பங்கைத்தான் எஃப்பி பின்னில் பார்க்கிறது. அந்த இடத்தில் 0.6 இருந்தால் வேலை முடிந்தது என்று அதற்கு நிம்மதி.

அளக்கும் இடத்தில் கவனம் வேண்டும். இந்த ஆறு கால் ஐசியில் எஃப்பி மூன்றாவது பின், பக்கத்திலேயே இரண்டாவது பின் கிரவுண்ட். மீட்டர் முனை வழுக்கி இரண்டையும் தொட்டால், அவுட்புட் பூஜ்யம் என்று ஐசி நினைத்து முழு மூச்சில் ஏற்றிவிடும். எனவே ஐசியின் காலைத் தொடாமல், கீழ் ரெசிஸ்டரின் கிரவுண்ட் அல்லாத முனையில் அளங்கள். கறுப்பு முனை அவுட்புட் மைனஸ்ஸில்.

முதலில் அவுட்புட்டை எஃப்பி வோல்டேஜால் வகுத்துப் பாருங்கள். 12-க்கு வைத்த மாட்யூலில் விடை எப்போதும் 20 அருகே இருக்க வேண்டும். அவுட்புட் 8.4-க்கு விழுந்திருந்தாலும் எஃப்பி 0.42 இருக்கும், விடை அதே 20. இது மாறினால் பிரிக்கும் ரெசிஸ்டர்களில் எங்கோ சால்டர் விட்டிருக்கிறது, அல்லது பிரீசெட்டின் உள் தொடுமுனை சரியில்லை.

விகிதம் சரி என்றால் எஃப்பியின் எண்ணைப் பாருங்கள்.

எஃப்பி 0.6, ஆனால் அவுட்புட் நீங்கள் விரும்பியது இல்லை: ஐசியும் மற்றவையும் நலம், ரெசிஸ்டர் மதிப்புதான் தவறு. சொந்தமாக போர்டு செய்தவர்களிடம் இது அதிகம். ‘222’ என்றால் 2.2 கிலோ ஓம், 222 ஓம் அல்ல. எண் சில புள்ளிகள் மட்டும் தள்ளியிருந்தால், அதாவது 12-க்குப் பதில் 11.8 வந்தால், அதைக் கோளாறாக எண்ணாதீர்கள். ஐசியின் 0.6-லேயே 2 சதவீத வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது.

எஃப்பி 0.6-ஐவிடக் குறைவு, அவுட்புட்டும் குறைவு: ஐசிக்குத் தெரிகிறது, முயல்கிறது, முடியவில்லை. அல்லது முயலவே இல்லை. இந்த இரண்டையும் பிரிப்பது அடுத்த பகுதி.

எஃப்பி 0.6-ஐவிடக் கூடுதல்: ஐசி சுவிட்ச் செய்வதை நிறுத்தியிருக்கும், ஆனாலும் வோல்டேஜ் எங்கிருந்தோ வருகிறது. அது 8-ஆம் பகுதி.

7. முயல்கிறதா, தூங்குகிறதா?

அவுட்புட் இன்புட்டைவிட 0.3 குறைவாக நின்று, எஃப்பி 0.2 போலக் காட்டினால் ஐசி தூங்குகிறது. செல்லின் வோல்டேஜ் காயில், டயோடு வழியாகச் சும்மா கடந்து வருகிறது. ஐசியின் ஐந்தாவது பின் இன்புட், நான்காவது பின் எனேபிள் (ஐசியை ஆன் செய்வது). இரண்டிலும் செல் வோல்டேஜ் வரவேண்டும். மாட்யூலில் இரண்டும் சேர்த்தே இருக்கும். சொந்த போர்டில் எனேபிளை எங்கும் இணைக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டிலும் வோல்டேஜ் இருந்தும் தூங்கினால் ஐசி போய்விட்டது.

சுவிட்ச் பின்னில் மீட்டரை வைத்து ‘இங்கே இன்புட் வோல்டேஜ்தான் வருகிறது, ஐசி வேலை செய்யவில்லை’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவு எதையும் சொல்லாது. ஐசி நன்றாக ஓடும்போதும் அந்தப் பின்னின் சராசரி வோல்டேஜ் இன்புட்டுக்குச் சமமாகத்தான் இருக்கும், மீட்டர் காட்டுவது சராசரியை. ஆசிலாஸ்கோப் இருந்தால் ஒரு நொடியில் தெரியும். இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி: வீட்டில் மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் மாட்யூல் அருகே வைத்து 1200 கிலோஹெர்ட்ஸ் பக்கம் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். எம்டி3608 ஓடுவது 1.2 மெகாஹெர்ட்ஸில். ஓடினால் ரேடியோ இரையும், செல்லைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும்.

முயல்கிறது, முடியவில்லை என்றால் அடையாளம் சூடு. எந்தப் பாகம் அதிகம் சுடுகிறது என்று பாருங்கள். 22 ஓம் லோடை அரை நிமிடத்துக்கு மேல் வைக்காமல், விரலை ஒற்றி எடுத்தால் போதும்.

காயிலும் ஐசியும் சேர்ந்து சுட்டால் காயில் நிறைவுநிலைக்குப் போகிறது, அதாவது அதன் காந்த உள்ளகம் தாங்கும் எல்லையைக் கரண்ட் தாண்டிவிடுகிறது. குறிப்பிட்ட லோடு வரை அவுட்புட் கச்சிதமாக நின்று, அதற்கு மேல் ஒரேயடியாகச் சரியும். மதிப்பு 22 மைக்ரோஹென்றி என்று சரியாகவே இருக்கும். ஆனால் ரெசிஸ்டர் போன்ற உருவில் வரும் அந்தக் குட்டிக் காயில்கள் அரை ஆம்பியரைக்கூடத் தாங்குவதில்லை. வாங்கும்போது மைக்ரோஹென்றியோடு நிறைவு கரண்டையும் கேளுங்கள், 3 ஆம்பியராவது வேண்டும்.

டயோடு மட்டும் சுட்டால் அது 1என்4007 ஆக இருக்க அதிக வாய்ப்பு. கடையில் எளிதாகக் கிடைப்பதால் பலர் அதைப் போட்டுவிடுகிறார்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான டயோடு. கடத்துவதை நிறுத்த அதற்கு ஆகும் நேரத்துக்குள் எம்டி3608 பல சுற்று முடித்துவிடும், அவுட்புட்டுக்குப் போனது திரும்பி ஓடிவரும். எஸ்எஸ்34 அல்லது 1என்5822 போடுங்கள். இரண்டும் 3 ஆம்பியர், 40 வோல்ட் ஷாட்கி.

எதுவும் தவறில்லை, லோடுதான் அதிகம் என்றால் இரண்டு செல்லைத் தொடரில் போடுவதே சரியான வைத்தியம். 7.4 வோல்ட்டில் அதே 7.7 வாட்டுக்கு 1.04 ஆம்பியர்தான் போகும். வயரில் தொலைவது பாதியாகும், ஐசிக்கும் ஏற்றம் குறைவு. ஆனால் டிபி4056 ஒற்றைச் செல்லுக்கானது. தொடரில் உள்ள இரண்டு செல்லுக்கு அதற்கான பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மை) போர்டும் 8.4 வோல்ட் சார்ஜரும் வேண்டும்.

8. அவுட்புட் கூடுதலாக வந்தால்

12 வோல்ட் யுபிஎஸ் பேட்டரியிலிருந்து ‘நிலையான 12’ எடுக்க பூஸ்ட் மாட்யூல் போடுபவர்கள் உண்டு. சார்ஜில் இருக்கும்போது பேட்டரி 13.8-க்குப் போகும். அவுட்புட் 13.5 காட்டும், எஃப்பி 0.67 காட்டும். பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு ஏற்றத்தான் தெரியும். இன்புட் அவுட்புட்டைவிடக் கூடினால், டயோடு வழியாக அது அப்படியே கடந்துவிடும். இங்கே தேவை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் மாட்யூல்.

அவுட்புட் திடீரென்று 28 பக்கம் பாய்ந்தால் பிரீசெட்டைச் சந்தேகியுங்கள். அதன் உள் தொடுமுனை பிடி விட்டால் முழு 100 கிலோ ஓமும் சர்க்யூட்டில் வந்துவிடும். திருகின் தலையை லேசாகத் தட்டி மீட்டரைப் பாருங்கள். எண் துள்ளினால் பிரீசெட்டைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டர் போடுங்கள். 39 கிலோவும் 2.7 கிலோவும் தொடரில் வைத்தால் 41.7, சரியாக 12 வோல்ட் வரும். நாள் முழுக்க ஓடப்போகும் எதற்கும் நான் இதைத்தான் செய்வேன்.

9. மீட்டரில் 12, ஆனாலும் ரூட்டர் ரீஸ்டார்ட்

டம்மி லோடில் எல்லாம் சரி, ரூட்டரில் மட்டும் தகராறு என்றால் நொடியின் சிறு பகுதியில் வோல்டேஜ் விழுந்து எழுகிறது. மீட்டர் அதைக் காட்டும் வேகத்தில் இயங்குவதில்லை. ரூட்டர் தொடங்கும்போதும் அதன் வைஃபை ரேடியோ முழு வலுவில் அனுப்பும்போதும் கரண்ட் துள்ளும்.

470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை முதலில் மாட்யூலின் இன்புட் பேட்களில் வைத்துப் பாருங்கள். பலரும் அவுட்புட்டில்தான் வைப்பார்கள். ஆனால் துள்ளலில் முதலில் விழுவது இன்புட், அதுவும் மூன்று மடங்கு கரண்டில். அதிலும் தீரவில்லை என்றால் அவுட்புட்டிலும் ஒன்று. மாட்யூலில் உள்ள 22 மைக்ரோஃபாரட் செராமிக்கை நம்பிவிடாதீர்கள். அந்த வகைக்கு டிசி வோல்டேஜ் ஏற ஏற நிஜ மதிப்பு குறையும், 12 வோல்ட்டில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம்.

இன்புட்டில் எலக்ட்ரோலிட்டிக் வைப்பதால் இன்னொரு நன்மை: நீண்ட வயரில் 12 வோல்ட் அடாப்டரைச் சட்டென்று செருகும்போது, செராமிக் மட்டும் இருந்தால் இன்புட் ஒரு கணம் இரு மடங்குக்கு அருகே துள்ளும். ஐசி ‘சும்மா’ செத்துப்போனதாகச் சொல்லும் பல கதைகளுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது.

10. 555 அல்லது ஆர்டுயினோ வைத்துச் சொந்தமாகக் கட்டியிருந்தால்

கல்லூரி ப்ராஜெக்ட்களில் வரும் வகை இது. எஃப்பி என்று ஒன்றே இருக்காது. சுவிட்சை மாறாத விகிதத்தில் ஆன், ஆஃப் செய்யும் பிடபிள்யூஎம் துடிப்பு மட்டும். ‘சுவிட்ச் ஆன் நேரத்தை 69 சதவீதம் வைத்தால் 3.7-லிருந்து 12 வரும்’ என்ற சூத்திரம், காயிலில் கரண்ட் ஒருபோதும் பூஜ்யத்துக்கு இறங்காதபோது மட்டும் பொருந்தும். லோடு லேசாக இருந்தால் வோல்டேஜ் அதைத் தாண்டி ஏறும். லோடே இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கெப்பாசிட்டரில் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் உடையும் வரை அல்லது கெப்பாசிட்டர் வெடிக்கும் வரை. எனவே இதை லோடு இல்லாமல் ஒருபோதும் இயக்காதீர்கள். 4-ஆம் பகுதிக்கு இது நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள்.

வோல்டேஜ் ஏறவே இல்லை என்றால் மாஸ்ஃபெட்டைப் பாருங்கள். ஐஆர்எஃப்இசட்44என் கேட்டில் 10 வோல்ட் எதிர்பார்க்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடாகும். ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட்டுக்கே நன்றாகத் திறக்கும். எழுத்தில் ஒன்றுதான் வித்தியாசம், கடையில் சரிபார்த்து வாங்குங்கள்.

11. சரிசெய்த பிறகு

22 ஓம் லோடோடு இப்போது அரை மணி நேரம் ஓட விடுங்கள், பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது. தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை மூன்று எண்களைக் குறியுங்கள்: மாட்யூலின் இன்புட், அவுட்புட், எஃப்பி. சூடான பிறகு அவுட்புட் இறங்கி எஃப்பி 0.6-லேயே நின்றால் பிரீசெட் நகர்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்கி இன்புட் மட்டும் நிலையாக இருந்தால், 7-ஆம் பகுதிக்குத் திரும்பி காயிலையும் டயோடையும் மீண்டும் பாருங்கள்.

செல் 3.2 வோல்ட் ஆகும்வரை ஓட்டி அந்த நிலையிலும் ஒருமுறை அளங்கள். முழு சார்ஜில் மட்டும் சோதித்துவிட்டுப் பெட்டியை மூடினால், கரண்ட் கட் நீளும் இரவில் ரூட்டர் பாதியில் அணையும். மூன்று அளவும் சரியாக இருந்தால் பிரீசெட் திருகின் மீது ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிட்டு, அப்புறம் ரூட்டரை மாட்டுங்கள்.